வின்ட்சர் கோட்டைப் புல்வெளியும் எங்க ஊர் கொறங்காடும்

வெளிநாடு போய்ட்டு வர்ற நம்ம ஜனங்களோட எனக்கு ஒரு சண்டை இருக்குதுங்க. ரொம்ப நாளா மனசுல கிடந்தது. பார்க்காத ஊரைப் பத்திப் பேசக்கூடாதுன்னு பொறுத்துக்கிட்டு இருந்தேன். இந்த வருஷம் நானும் போய்ப் பார்த்தாச்சு. இனிமேல் பேசலாம்.

லண்டன் பக்கம் போகிறவர்கள் ஒரு கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கோட்டை முன்னாடி ஒரு போட்டோ, அதைச் சுத்தியிருக்கிற புல்வெளியில் ஒரு போட்டோ. அந்த ரெண்டாவது போட்டோவுக்குக் கீழேதான் வில்லங்கம். "இயற்கையை எப்படிப் பாதுகாக்கிறாங்க பாருங்க, நம்ம ஊர்லயும் இருக்காங்களே!" என்று ஒரு வரி எழுதியிருப்பாங்க. அந்த 'நம்ம ஊர்ல இருக்கிறவங்க' நாங்கதானுங்க. ரோட்டுல எருமை ஓட்டிக்கிட்டுப் போய் உங்க காரை நிறுத்துறவன், வேலியோரம் எருக்குழி போட்டவன், ஆட்டுக்கு வேப்பந்தழை ஒடிக்கிறவன். எங்களைப் பார்த்துச் சலிச்ச கண்ணுக்கு, ஆள் நடமாட்டம் இல்லாத பச்சை சொர்க்கமாத் தெரியுது.

அந்தப் பச்சை தானா வந்ததில்லை. அங்கே இருந்த உழவனையும் மேய்ப்பவனையும் வெளியே தள்ளி, அதுக்கு ஒரு சட்டம் போட்டு, அந்தச் சட்டத்துக்குத் தூக்குமரம் நட்டு உண்டாக்கின பச்சை அது. அதைக் காட்டி எங்களைத் திட்டாதீங்க. என் சண்டை இவ்வளவுதான். இதுக்கான சங்கதியைத்தான் கீழே எழுதியிருக்கேன்.

மகள் இருப்பது ஸ்லவ் என்கிற ஊர். பேறுகாலத்துக்காக நானும் வீட்டுக்காரியும் போயிருந்தோம். ஸ்லவ்வில் ரயில் ஏறினால் தேம்ஸ் ஆத்தைத் தாண்டிப் பத்து நிமிஷத்துக்குள் வின்ட்சர். டிக்கெட் ஆளுக்கு முப்பது பவுண்டுக்கு மேல். மாப்பிள்ளை கார்டைத் தேய்ச்சார், நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு ஆளு டிக்கெட்டுக்கு ரெண்டு மூட்டை மாட்டுத்தீவனம் வாங்கிடலாம். "மாமா, இதையெல்லாம் கணக்குப் பார்க்காதீங்க" என்றார். விவசாயி கணக்குப் பார்க்காம எப்படிங்க இருக்கிறது?

1066ல் நார்மண்டியில் இருந்து படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடிச்ச வில்லியம், நாலைந்து வருஷத்துக்குள் இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பிச்சுட்டார். நடுவில் பெரிய மண்மேடு, சுமார் 50 அடி உயரம். மேட்டு மேல வட்டக் கோபுரம். எல்லாரும் கோபுரத்தைப் பார்க்கிறாங்க, நான் மேட்டைப் பார்த்தேன். இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது? மேட்டைச் சுத்தி வெட்டின அகழியில் இருந்துதான். சுண்ணாம்புக்கல் பூமி, தண்ணி நிற்காது, அதனால் அகழி காலம்பூரா காய்ஞ்சேதான் கிடந்திருக்கு. இப்ப அதுல தோட்டம் போட்டு வச்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்கு. பொக்லைன் இல்லாத காலத்துல அத்தனையும் கையால வெட்டி, தலையால சுமந்து கொட்டினது. ஒரு கிணத்தைத் தூர் வாரிப் பார்த்தவனுக்கு அந்த மேட்டைப் பார்த்தாலே முதுகு வலிக்கும்.

உள்ளே ஆயிரம் அறை என்கிறார்கள். தங்கம், ஓவியம், கேடயம், கத்தி. ஒரு இடத்தில் மட்டும் நின்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் திப்பு சுல்தான் அரியணையில் இருந்த புலித்தலை. மரத்தில் செஞ்சு பொன் தகடு போர்த்தி, கண்ணும் பல்லும் பளிங்குக் கல்லு. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது எடுத்தது. அப்ப எங்க கொங்குநாடு மைசூருக்குக் கீழதான் இருந்தது. அதுல எங்க அப்பாரய்யன் காலத்து வரிப்பணமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்னு வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். "மெதுவாப் பேசுங்க, காவல்காரன் பாக்கறான்" என்றாள். கோட்டைக்குள்ளே இருக்கிற சாமான் யாருடையது என்கிற வழக்கைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. கோட்டைக்கு வெளியே இருக்கிற பூமியைப் பத்தித்தான் யாரும் பேசுறதில்லை. நான் அதைப் பேசுறேன்.

கோட்டைச் சுவருக்குள் இருப்பது மொத்தம் 13 ஏக்கர். தெற்கே விரிஞ்சு கிடக்கிற பெரிய பூங்கா சுமார் 5000 ஏக்கர். கோட்டை வாசலில் இருந்து நூல் பிடிச்ச மாதிரி ஒரு பாதை, நாலு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் மரம். 1680களில் ரெண்டாம் சார்லஸ் ராஜா போட்டது. அந்த முனையில் குன்று மேல குதிரையில் உட்கார்ந்திருக்கிற மூணாம் ஜார்ஜ் சிலை. அவர்கிட்ட அப்புறம் வர்றேன். நடுவில் மான் பூங்கா, ஐந்நூறு மான் வரைக்கும் இருக்கும். இதுக்குள்ள நடக்கக் காசு கிடையாது, அது நல்ல விஷயம்.

பாதையை விட்டு விலகிப் போனால் பழைய ஓக் மரங்கள். சில மரம் ஆயிரம் வருஷத்தைத் தொட்டதுன்னு சொல்றாங்க. அடிமரம் நாலு பேர் சேர்ந்து கட்டிப் பிடிக்கிற அளவு பெருத்து, உள்ளே பொந்து விழுந்து, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரே இடத்தில் கிளை கிளையாப் பிரியுது. கூட வந்தவங்க எல்லாம் இயற்கையின் விந்தைன்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. "மாப்பிள்ளை, இது தானா வளர்ந்த மரம் இல்லீங்க. யாரோ தலையை வெட்டிக்கிட்டே இருந்திருக்காங்க" என்றேன். அவர் போனில் தேடிப் பார்த்தார், ஆமாம் என்று வந்தது. மாடு எட்டாத உயரத்தில் கிளையை வெட்டுவார்கள், வெட்டின இடத்தில் மறுபடி துளிர்க்கும், சில வருஷம் கழிச்சு மறுபடி வெட்டுவார்கள். விறகுக்கும் தழைக்கும் வெட்டினது. கீழே மாடு மேயும், ஓக் கொட்டை விழுகிற காலத்தில் பன்னி மேயும். அப்படித் தலை கழிச்ச மரம் சீக்கிரம் சாகாது, குட்டையா நின்னு காத்துக்கும் விழாது. அதனாலதான் அது இன்னும் நிக்குது.

எங்க பக்கத்து ஆளு யாரைக் கூட்டிட்டுப் போனாலும் அரை நிமிஷத்துல சொல்லிருவாங்க, இது கொறங்காடுன்னு. நகரத்துல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். காங்கயம், தாராபுரம் பக்கம் மழையை மட்டும் நம்பின மேய்ச்சல் பூமிக்குக் கொறங்காடுன்னு பேரு. தரையில் கொழுக்கட்டைப் புல், இடையில் இடையில் வெள்வேல மரம், சுத்தி உசிரோட நிக்கிற கிளுவை வேலி. மாட்டை மாத்தி மாத்தி அடைச்சு மேய்ப்போம். காங்கயம் காளை அந்தப் புல்லுலதான் நிக்குது. நீங்க வின்ட்சர்ல அழகுன்னு போட்டோ எடுத்தது மாடு மேய்ச்சவனும் விறகு வெட்டினவனும் சேர்ந்து செஞ்ச அழகு. அதே வேலையை எங்க ஊர்ல ஒருத்தன் செஞ்சா, மரத்தை மொட்டையடிக்கிறான்னு புகார் எழுதுறீங்க.

சரி, அந்த ஓக் மரத்தை வெட்டினவன் எங்கே போனான்? இங்கதான் கதை.

நார்மன் ராஜாக்கள் வந்ததும் வனச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அந்தச் சட்டத்துல வனம்னா மரம் அடர்ந்த இடம்னு அர்த்தம் இல்லை. ராஜா வேட்டைக்குன்னு கோடு போட்ட இடமெல்லாம் வனம். உள்ளே ஊர் இருக்கும், உழுத வயல் இருக்கும், எல்லாம் வனம்தான். எங்க பக்கத்துல நேர்மாறு. நாங்க உழுகிற மேட்டுநிலத்தைத்தான் காடுன்னு சொல்லுவோம், 'காட்டுக்குப் போறேன்'னா விவசாய வேலைக்குப் போறேன்னு அர்த்தம். அங்கே உழுத நிலத்தையும் வனமாக்கிட்டாங்க. அந்த வனத்துக்குள்ள இருக்கிற உழவன் தன் வயலுக்கு உயரமா வேலி போடக்கூடாது. குட்டியோட வர்ற மான் தாண்டுற உயரத்துக்குத்தான் போடலாம். மான் வந்து பயிரைத் தின்னால் பார்த்துக்கிட்டு நிக்கணும். இதைப் படிச்சப்ப எனக்கு மயிலு ஞாபகம் வந்துருச்சு. நிலக்கடலை போட்டுட்டு மயிலைப் பார்த்துக்கிட்டு நிக்கிறவனுக்குத்தான் இந்த வயித்தெரிச்சல் புரியும்.

மானைக் கொன்னா கண்ணைப் பிடுங்குறது வில்லியம் காலத்துத் தண்டனை. நாய் வளர்த்தால்? வனத்துக்குள்ள இருக்கிற ஊர் நாய்க்கு முன்னங்கால்ல மூணு நகவிரலை வெட்டணும், அது மானைத் துரத்தக் கூடாதாம். வெட்டாம இருந்தா உழவனோட உழவு மாட்டைப் பிடிச்சுட்டுப் போவாங்க. நாய்க்கால் விரலுக்கு ஒரு எருது! எருதை ஓட்டிட்டுப் போயிட்டா அவன் அந்த வருஷம் எதை வச்சு உழுவான்?

1215ல் மேக்னா கார்ட்டா என்கிற சாசனத்துக்கு ஜான் ராஜா முத்திரை வச்ச ரன்னிமீட் புல்வெளி வின்ட்சருக்குப் பக்கத்துலதான். பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அதோட தங்கச்சி ஒண்ணு இருக்கு, வனச் சாசனம், 1217. பத்து வயசுப் பையன் மூணாம் ஹென்றி பேர்ல வந்தது. அதை ஏன் யாரும் சொல்லித் தர்றதில்லைன்னு தெரியலை. எனக்கென்னவோ பெரிய சாசனம் பிரபுக்களுக்கு, இது குடியானவனுக்கு. மானுக்காக இனி யாருக்கும் உசிரோ உறுப்போ போகாது, அபராதம்தான், கட்ட முடியலைன்னா ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறை. நாய் விரல் வெட்டாததுக்கு மூணு ஷில்லிங் அபராதம், எருதைத் தொடக் கூடாது. சொந்த நிலத்துல குட்டை வெட்டலாம், வாய்க்கால் போடலாம், உழுதுக்கலாம். மரப்பொந்துல இருக்கிற தேன் அந்தந்த நிலத்துக்காரனுக்கு. எட்டுநூறு வருஷத்துக்கு முந்தி எருதையும் தேனையும் எழுதி வச்ச சட்டம்னா, அதுக்குப் பின்னாடி எத்தனை பேர் எருதைப் பறிகொடுத்திருக்கணும், யோசிங்க.

ஆனா சட்டம் ஒரு தடவை வந்தா வந்ததுதான்னு நினைக்காதீங்க. 1630களில் முதலாம் சார்லஸ் ராஜாவுக்குப் பணமுடை. பழைய வனச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து அபராதம் வசூலிக்க ஆரம்பிச்சார். கொஞ்ச வருஷத்துல ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை மூண்டப்ப, வின்ட்சர் சுத்துவட்டார ஜனங்க வேலியை உடைச்சு உள்ளே போய் மானை அடிச்சாங்க. 1649 ஜனவரியில் ராஜா தலையையே வெட்டிட்டாங்க. கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துலதான் அவரைப் புதைச்சிருக்கு, நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். அதே வருஷம் ஏப்ரல்ல, அங்கிருந்து ரொம்பத் தூரமில்லாத செயின்ட் ஜார்ஜ் குன்றுல, ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்கிறவரும் கொஞ்சம் ஏழைகளும் பொதுநிலத்தை மண்வெட்டியால கொத்தி கேரட்டும் பீன்ஸும் போட்டாங்க. பூமி எல்லாருக்கும் பொதுன்னு சொன்னாங்க. சில மாசத்துல அடிச்சுத் துரத்திட்டாங்க. அந்தக் குன்று இப்ப என்ன தெரியுங்களா? கேட் போட்ட கோடீஸ்வரர் குடியிருப்பு, உள்ளே கோல்ஃப் மைதானம். நல்லா இருக்குதுங்களா?

இதுக்கெல்லாம் மேல 1723ல் வந்தது கறுப்புச் சட்டம். வின்ட்சர் வனத்துலயும் ஹாம்ப்ஷயர் பக்கமும் மூஞ்சில கரி பூசிக்கிட்டு ராத்திரியில மான் அடிக்கிற கூட்டம் இருந்தது. அதுக்காகப் போட்ட சட்டம். ஆயுதத்தோட மூஞ்சில கரி பூசிக்கிட்டு வனத்துக்குள்ள வந்தாலே தூக்கு. மானைக் கொன்னா தூக்கு, மீன் குட்டைக் கரையை உடைச்சா தூக்கு, நட்ட மரத்தை வெட்டினா தூக்கு, வைக்கோல் போருக்குத் தீ வச்சா தூக்கு. கண்ணைப் பிடுங்கின காலம் போய், சாசனம் வந்து, ஐந்நூறு வருஷம் கழிச்சு மறுபடியும் மரத்துக்கும் மானுக்கும் மனுஷன் உசிரு. நூறு வருஷம், 1823 வரைக்கும், அந்தச் சட்டம் இருந்தது. பார்லிமென்டுக்குப் பொறந்த ஊர்லதானுங்க இது நடந்தது.

குதிரை மேல உட்கார்ந்திருக்கிறவர்கிட்ட வர்றேன்னு சொன்னேனே. மூணாம் ஜார்ஜ், 1760லிருந்து 1820 வரைக்கும் ராஜா. ஜனங்க அவருக்கு வச்ச பேரு 'விவசாயி ஜார்ஜ்'. நிஜமாவே விவசாயத்துல பைத்தியம். இந்தப் பூங்காவுக்குள்ளேயே ரெண்டு பண்ணை வச்சிருந்தார். ரால்ஃப் ராபின்சன்னு புனைபேர் வச்சுக்கிட்டு விவசாயப் பத்திரிகைக்குக் கடுதாசி எழுதினார். இதைக் கேட்டதும் எனக்கு அவர் மேல ஒரு பிரியம் வந்துருச்சு, நானும் எழுதுறவன்தானே. ஆனா அவர் ஆண்ட அறுபது வருஷத்துலதான் இங்கிலாந்துப் பொதுநிலத்துக்கு வேலி போடுற வேலை உச்சத்துல நடந்தது. 1604க்கும் 1914க்கும் நடுவுல 5,200க்கு மேல சட்டம், 68 லட்சம் ஏக்கர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனிச் சட்டம். ஊர் மந்தைவெளி, விறகுக்காடு, மேய்ச்சல் நிலம் எல்லாத்தையும் அளந்து, பத்திரம் வச்சிருந்தவனுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாங்க. ஒரு பசுவும் நாலு வாத்தும் வச்சுப் பொழைச்சவன்கிட்டப் பத்திரம் ஏது? 1813ல் வின்ட்சர் வனத்துக்கும் அந்தச் சட்டம் வந்தது. அந்தச் சமயத்துல விவசாயி ஜார்ஜ் புத்தி பேதலிச்சு, கண்ணும் தெரியாம அதே கோட்டைக்குள்ள ஒரு அறையில இருந்தார். இப்ப ரோமானிய உடுப்புல குதிரை மேல வச்சிருக்காங்க. விவசாயின்னு சொல்லக் கூட ஒரு மண்வெட்டி கிடையாது.

நமக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைக்காதீங்க. அதே துரைமார் 1882ல் மெட்ராஸ் வனச் சட்டம் போட்டாங்க. அதுவரைக்கும் மாடு ஓட்டின மலையடிவாரத்துக்கு அனுமதிச் சீட்டு வந்தது. ஊருக்குப் பொதுவா இருந்த நிலத்துக்குப் புறம்போக்குன்னு பேரு, அந்தப் பேரை இன்னிக்கு சினிமாவுல வசவா வச்சிருக்கோம்.

எனக்கு வின்ட்சர்ல ரொம்பப் பிடிச்ச சங்கதி ஒண்ணு இருக்குதுங்க, அது எந்தப் போட்டோவுலயும் வராது. ரெண்டாம் உலக யுத்தம். அந்த நாடு சாப்பிடுறதுல பாதிக்கு மேல கப்பல்ல வெளிநாட்டுல இருந்து வந்துக்கிட்டு இருந்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பலை முழுகடிக்க ஆரம்பிச்சதும் வயிறு காய ஆரம்பிச்சுது. அப்ப என்ன செஞ்சாங்க? வின்ட்சர் பூங்காவுல இருந்த மானை அப்புறப்படுத்திட்டு, புல்வெளியை உழுது வெள்ளாமை போட்டாங்க! லண்டன் டவர் கோட்டையோட காய்ஞ்ச அகழியில காய்கறி பாத்தி கட்டினாங்க. ஏழெட்டு நூறு வருஷமா எந்த மானுக்காக நாய்க்கால் விரலை வெட்டினாங்களோ, கண்ணைப் பிடுங்கினாங்களோ, தூக்குல போட்டாங்களோ, அந்த மானு பசி வந்ததும் வெளியே போயிருச்சு, ஏரு உள்ளே வந்துருச்சு. மறுபடி மான் வந்தது 1979ல். ஸ்காட்லாந்துல இருந்து நாற்பது பெட்டை, ரெண்டு கிடா கொண்டு வந்து விட்டாங்க. இப்ப நீங்க போட்டோ எடுக்கிற மானெல்லாம் அதோட வாரிசு.

புல்வெளியாப் போட்டு வச்சு அழகு பார்க்கணும்னா, வேற எங்கேயோ ஒருத்தன் உழுதாகணும். வேற ஊர்க் கோதுமை கப்பல்ல வர்ற வரைக்கும்தான் அங்கே மான். உங்க வீட்டுக்கு அரிசி லாரியில வர்ற வரைக்கும்தான் எங்க ஊர் எருக்குழி உங்களுக்கு நாத்தம்.

அந்த நாட்டு ஜனங்களே கோட்டையை வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு இல்லை, அதையும் சொல்லணும். 1992 நவம்பர்ல வின்ட்சர் கோட்டையில தீப்பிடிச்சு நூறு அறைக்கு மேல சேதம். சரிபண்ண 3.65 கோடி பவுண்டு ஆச்சு. முதல்ல அரசாங்கப் பணத்துல செய்வோம்னு அமைச்சர் சொன்னார். எங்க வரிப்பணம் எதுக்குன்னு ஜனங்க பிடிச்சுக்கிட்டாங்க. கடைசியில ராணி பக்கிங்ஹாம் அரண்மனையைத் திறந்து டிக்கெட் போட்டு வசூல் பண்ணித்தான் பெரும்பங்கு கட்டினாங்க. சொந்த ஊர்க்காரன் கேள்வி கேட்கிறான், நம்ம ஆளுதான் கும்பிடு போடுறான்.

அங்கிருந்து கத்துக்கிட்டு வரணும்னா ஒண்ணு இருக்கு, அது தடம். மாப்பிள்ளை ஒரு ஞாயித்துக்கிழமை ஊர்ப்பக்கம் நடக்கக் கூட்டிட்டுப் போனார். யாரோ ஒரு பண்ணைக்காரர் வயல். கோதுமை நிக்குது. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி ஒத்தையடிப் பாதை, வேலி வர்ற இடத்துல ஆள் மட்டும் நுழையிற மாதிரி மரக் கேட், பக்கத்துல பொதுப்பாதைன்னு ஒரு கம்பம். நான் தயங்கினேன், அடுத்தவன் வெள்ளாமைக்குள்ள எப்படிப் போறதுன்னு. "போகலாம் மாமா, இதை மறிக்க அவருக்கு உரிமை கிடையாது" என்றார். நிலம் அவருடையது, தடம் எல்லாருடையது. இதுவும் சும்மா வரலை. 1932ல் கிண்டர் ஸ்கௌட் என்கிற மலைக்கு, வேட்டைக்குன்னு பிரபுக்கள் அடைச்சு வச்சிருந்த இடத்துக்குள்ள, மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் கும்பலா ஏறினாங்க. அஞ்சு பேரை ஜெயில்ல போட்டாங்க. 1949ல் சட்டம் வந்து ஊர் ஊராப் பொதுத்தடத்தை வரைபடத்துல ஏத்தினாங்க. அன்னிக்கு நடந்த தடத்துல ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவுல வண்டி போற அகலம். எங்க ஊர் இட்டேரியே தானுங்க! கண்ணு கலங்கிருச்சு. எங்க இட்டேரி பாதிக்கு மேல போயிருச்சு.

இதை எழுத இன்னொரு காரணமும் இருக்கு. எங்க காட்டுக்கு மேவரத்துல ஆறு ஏக்கர் கொறங்காட்டை நகரத்துல இருக்கிற ஒருத்தர் வாங்கியிருக்கார். பேரு எழுத மாட்டேன், நல்ல மனுஷர், மரியாதையாப் பேசுறார். வந்த மூணாம் மாசம் கிளுவை வேலியை மிஷின் விட்டுப் பிடுங்கி, கம்பிவலை போட்டார். கொழுக்கட்டைப் புல்லை உழுது, வாங்கின புல்லைப் பாய் மாதிரி விரிச்சு, எண்ணூறு அடி போர்த் தண்ணியை ஸ்பிரிங்க்ளர்ல அடிக்கிறார். இந்தப் புல்லை மாடு வாய்ல வைக்காது. வெள்வேலு ரெண்டு மரம் விட்டிருக்கார், அதுல ஊஞ்சல். எப்படி வரப்போகுதுன்னு போனை எடுத்துக் காட்டினார். நீங்களே சொல்லிருவீங்க. இங்கிலாந்துக் கோட்டை ஒண்ணு, முன்னாடி புல்வெளி.

புல்லு அவர் இஷ்டம், அவர் காசு. ஆனா கம்பிவலை போட்டப்ப வடக்குப் பக்கம் போற இட்டேரியையும் சேர்த்து உள்ளே வளைச்சுட்டார். அதுலதான் பதினோரு குடும்பத்து மாடும் வண்டியும் காட்டுக்குப் போகும். இப்ப ஒன்றரை கிலோமீட்டர் சுத்திப் போறோம். கேட்டா, "அது சும்மா புதர் மண்டிக் கிடந்த இடம்தானே" என்கிறார். 1813ல் வின்ட்சர்ல அளந்தவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

தம்பி இந்தப் பக்கத்தைப் படிப்பார்னு தெரியும், அவர்தான் எனக்கு இதை எல்லாம் கம்ப்யூட்டர்ல எப்படி ஏத்துறதுன்னு ஒரு நாள் சொல்லிக் கொடுத்தார். அதனால அவருக்கே சொல்றேன். தம்பி, புலப்படத்துல அந்த இட்டேரி தெளிவா இருக்குதுங்க, பதினெட்டு அடி அகலம், உங்க பத்திரத்துலயும் நான்கு எல்லையில வடக்கே பொதுத்தடம்னுதான் எழுதியிருக்கு. வர்ற வியாழக்கிழமை காலையில சர்வேயர் வர்றார், பணம் நாங்க பதினோரு பேரும் போட்டுக் கட்டிட்டோம். நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க. கல்லு நட்டதும் எங்க வீட்டுல மோர் குடிச்சிட்டுப் போகலாம்.